முகம் பார்த்து எழுதுவது

விமர்சனம் எழுத வருகிறவன் தன் கைச்சரக்கிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். ஆகவே நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், ஒரு நாவலுக்காகக் குறிஞ்சிப்பாடியில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கைலி நெய்கிற ஊர். எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கூடவே வரும். நான் இருந்த வீட்டுக்கு எதிர்ச் சாரியில் ஒருவர் தறி போட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வாயின் இடது கோணம் கீழே இறங்கியிருக்கும். இடது கண் பாதிதான் மூடும். யாரைப் பார்த்தாலும் ஏளனம் செய்கிறவர் போலவும், மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவர் போலவும் ஒரு தோற்றம். நான் அவரோடு பத்து வார்த்தை பேசியதில்லை. அந்த முகம் மட்டும் எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. என் நாவலில் நெசவாளிகளின் கூலியைப் பிடித்துக்கொள்ளும் நூல் வியாபாரி ஒருவன் வருகிறான். அவனுக்கு அந்த முகத்தை எடுத்து மாட்டிவிட்டேன்.

நாவல் நன்றாக ஓடியது. 'முகத்தைச் சொல்லியே ஆளைக் காட்டிவிட்டீர்கள்' என்று வாசகர்கள் எழுதினார்கள். எனக்கும் அது பெருமையாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் என் புத்தகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, எங்கப்பா முகத்தைத்தான் எழுதியிருக்கீங்க. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியுது. அவருக்கு முகவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்க. அவரு சிரிச்சாலே அப்படித்தாங்க இருக்கும். நீங்க எதிர்த்த வீட்டுல இருந்தப்ப, தெனமும் உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்காரு."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஏளனம் என்று வாசித்தது ஒரு மனிதர் அண்டை வீட்டுக்காரனுக்குத் தந்த மரியாதை. முகத்தை அசைப்பது ஏழாவது கபால நரம்பு. அது ஒரு பக்கம் செயலற்றுப் போனால், சிரிக்கும்போது மற்றப் பக்கம் மட்டும்தான் மேலே ஏறும். பார்க்கிறவனுக்கு அது பரிகாசம் மாதிரி இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. தெருவைக் கடந்து போய் ஒரு நாள் அவர் தறியருகே உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது சமீபத்தில் குறிஞ்சிப்பாடி பஸ் நிலையத்தில் பார்த்த ஒரு புத்தகக் கடை. பஞ்சாங்கம், கோலப் புத்தகம், பொது அறிவு வினா விடை இவற்றுக்கு நடுவில், முகத்தையும் உடல் மொழியையும் பார்த்து ஆளை எடைபோடக் கற்றுத் தருவதாகச் சொல்லும் புத்தகங்கள் மூன்று இருந்தன. பக்கத்திலேயே ஸாமுத்திரிகா லக்ஷணம் ஒன்று. நான்கையும் வாங்கி வந்து படித்தேன். புதுப் புத்தகங்கள் மூன்றும் மனிதர்களை நாலு வகை, எட்டு வகை என்று பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் அடையாளம் சொல்கின்றன. பழைய புத்தகம் மூக்கையும் நெற்றியையும் சொல்கிறது. புதியவை கை கட்டுவதையும் கண்ணை விலக்குவதையும் சொல்கின்றன. மற்றபடி எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. பழையதில் தமிழாவது நன்றாக இருந்தது.

அந்தப் புத்தகங்களின்படி, மார்பின்மேல் கையைக் கட்டிக்கொள்கிறவன் மனத்தை மூடிக்கொள்கிறவன், எதிர்ப்புணர்ச்சி உள்ளவன். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன். இதை எழுதியவர் எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதினாரோ தெரியவில்லை. நம் பக்கத்தில் பெரியவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பணிவு. அதைவிடக் கசப்பான உண்மையும் உண்டு: மிராசுதார் முன்னால் தலைமுறை தலைமுறையாகக் கை கட்டி நின்றவர்கள் அதை விரும்பிச் செய்யவில்லை. மாமனார் முன் மருமகள் நிமிர்ந்து பார்க்காதது பொய் சொல்வதற்காக அல்ல. மார்கழி விடியற்காலையில் குறிஞ்சிப்பாடி ரயில் நிலையத்தில் நிற்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். குளிர்.

இந்தப் புத்தகங்களை நம்பி, நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்க ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, முதல் தடவையாக நாற்காலிக்கு எதிரே நிற்கிற ஒரு பையன், மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்திக் கையைக் கட்டினால், அவன் இரண்டு பக்கத்திலும் தோற்றுப்போவான்.

இந்த வித்தைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் லவாட்டர் என்ற ஸ்விட்சர்லாந்துப் பாதிரியார் இதைப் பெரிய சாஸ்திரமாகவே எழுதினார். அவர் சீடர்களில் ஒருவர் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய். 1831இல் தம் கப்பலில் வர விரும்பிய ஒரு வாலிபனின் மூக்கைப் பார்த்துவிட்டு, இவனுக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இராது என்று அவர் தயங்கினாராம். அந்த வாலிபன் சார்லஸ் டார்வின். பிற்காலத்தில் சுயசரிதையில் இதை அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். மூக்கு தவறான செய்தி சொல்லிவிட்டது என்று ஃபிட்ஸ்ராய் பிறகு ஒப்புக்கொண்டிருப்பார் என்பது அவர் நம்பிக்கை.

டார்வின் தப்பித்துக்கொண்டார். எல்லோரும் தப்பிக்கவில்லை. 1876இல் இத்தாலியில் லொம்ப்ரோஸோ என்ற வைத்தியர் பிறவிக் குற்றவாளியைத் தாடையிலும் காதிலும் கண்டுபிடித்துவிடலாம் என்று புத்தகம் போட்டார். அதற்கு முன்பே, 1871இல், இந்தியாவில் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சென்னை மியூஸியத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஜாதி ஜாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் ஏழு பாகங்களாக வந்த அவர் நூலில் அந்த அளவுகள் இருக்கின்றன. எத்தனையோ அரிய தகவல்கள் உள்ள நூல். ஆனாலும், மனிதர்களை நிற்க வைத்து மூக்கை அளக்கும் காட்சி என் மனத்தை விட்டுப் போவதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்ததே தவிர, பார்வை ஒழியவில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லை கம்மாபுரம். 1993இல் ஒரு நகைத் திருட்டுச் சந்தேகத்தில், குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு அங்கே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். போலீஸார் கையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி பார்வதி விடாமல் வழக்கு நடத்தினார். 2006இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் போலீஸார் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' என்ற படத்தின் மூலம் உலகம் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டது. அங்கே யாரும் ராஜாக்கண்ணுவின் தாடையை அளந்து பார்க்கவில்லை என்பது வாஸ்தவம். அளக்க வேண்டிய அவசியமே இல்லாமல், ஜாதியின் பெயரே முகமாகிவிட்டது. 'பார்த்தாலே தெரியாதா?' என்ற கேள்விக்கு இவ்வளவு தூரம் போகிற சக்தி உண்டு.

இது நம்முடைய மரபா என்று கேட்டால், பாதி ஆம், பாதி இல்லை என்றுதான் சொல்வேன். ஸாமுத்திரிகம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பழைய சரக்கும் இருக்கிறது. தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் நாலு நாலு காரணங்கள், ஆக 32. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவதைத்தான் அங்கே மெய்ப்பாடு என்கிறார்கள். அந்த இயலை மறுபடியும் இந்தக் கண்ணோடு படித்தபோது ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தொல்காப்பியர் வெகுளியைச் சொல்கிறார்; வெகுளிக்காரனைச் சொல்லவில்லை. அச்சத்தைச் சொல்கிறார், கோழை என்று ஒரு ஜாதியைச் சொல்லவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் சொன்ன கையோடு, அது எதனால் வருகிறது என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறார். முதுமை, வறுமை, பிணி என்று வாழ்க்கையில் வந்து மோதுகிற சமாசாரங்களெல்லாம் அந்தக் காரணங்களில் சேர்ந்திருக்கின்றன. முகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த முகத்துக்கு முன்னால் என்ன நிகழ்ந்தது என்று கேள் என்கிற மாதிரி இருக்கிறது.

திருவள்ளுவரும் குறிப்பறிதல் என்று ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார். ஒன்று பொருட்பாலில், அரசனோடு பழகுகிறவனுக்கு. மற்றொன்று இன்பத்துப்பாலில், காதலனுக்கு. முகம் பளிங்கு மாதிரி, அடுத்து இருப்பதைக் காட்டும் என்று முதலதில் சொல்கிறார். பளிங்குக்குச் சொந்தமாக ஒரு நிறமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிவப்பை அடுத்தால் சிவப்பு. அது போய்விட்டால் சிவப்பும் போய்விடும். இரண்டாவதில் ஒரே பெண்ணின் கண்ணுக்கு இரண்டு பார்வைகள்: ஒன்று நோய் தருகிறது, மற்றது அதற்கு மருந்தாகிறது. இந்தப் பெண்ணை எட்டு வகையில் எந்த வகையில் சேர்ப்பது?

இந்தக் காலத்து விஞ்ஞானமும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்திருக்கிறது. உணர்ச்சிகள் முகத்தில் தோன்றும் விதத்தைப் பற்றி டார்வின் 1872இல் எழுதினார். 1960களின் பிற்பகுதியில் பால் எக்மன் என்ற அமெரிக்கர் நியூகினித் தீவின் மலைக் கிராமங்களுக்குப் போய், சில உணர்ச்சிகளின் முகபாவம் உலகெங்கும் ஒன்றே என்று முடிவு கட்டினார். 1978இல் முகத் தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து ஒரு முறையே வகுத்துவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு வருகிறவன் முகத்தைக் காமிராவும் கம்ப்யூட்டரும் வாசித்து மதிப்பெண் போடும் வியாபாரமும் வந்தது. ஆனால் 2019இல் லிஸா ஃபெல்ட்மன் பாரெட்டும் அவரோடு நான்கு ஆராய்ச்சியாளர்களும் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தார்கள். கோபம் வரும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது 100க்கு ஏறத்தாழ 30 தடவைதான் என்று கண்டார்கள். மற்ற வேளைகளில் கோபக்காரன் அழலாம், சிரிக்கலாம், சும்மா இருக்கலாம். சுளித்த முகமெல்லாம் கோபமும் அல்ல. வேலை செய்யும் இடத்திலும் பள்ளிக்கூடத்திலும் இப்படி யந்திரத்தை வைத்து உணர்ச்சியை வாசிப்பதை, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்குக் கொடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

அப்படியானால் முதல் பார்வையில் நமக்குத் தோன்றுவதெல்லாம் வீணா என்றால், அது வீணாகப் போவதில்லை, அதுதான் ஆபத்து. அமெரிக்காவில் டோடோரொவ் என்பவர், தேர்தலில் நின்ற இருவரின் படங்களை, அவர்களை அறியாத ஜனங்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று மட்டும் கேட்டார். அவர்கள் சுட்டிய முகம், செனட் சபைத் தேர்தல்களில் ஏறக்குறைய 70 சதவிகிதம் ஜெயித்திருந்தது. 2005இல் இதை வெளியிட்டார்கள். திறமை முகத்தில் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. முகத்தில் திறமை இருப்பதாக நாம் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாறுகிறோம் என்றுதான் அர்த்தம். என் நாவலை வாசகர்கள் மெச்சியதும் இதே கணக்கில்தான் சேரும். நானும் ஏமாந்தேன், அவர்களும் என்னோடு சேர்ந்து ஏமாந்தார்கள், அதற்கு நாங்கள் 'தத்ரூபம்' என்று பெயர் வைத்தோம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நாவலாசிரியன் முகத்தை எழுதாமல் இருக்க முடியாது. எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

கம்பனையே எடுத்துக்கொள்ளலாம். கூனி என்று பெயரிலேயே உடம்பைச் சூட்டி, அவளைச் சூழ்ச்சிக்காரி ஆக்கியது ராமகதை. கோணல் உடம்பு, கோணல் மனசு என்ற ஸாமுத்திரிகக் கணக்கு அதில் இருக்கிறது. ஆனால் கம்பனுக்கு அது போதவில்லை. ராமன் சிறு பிள்ளையாக இருந்தபோது வில்லால் உண்டை எறிந்து அந்தக் கூனில் அடித்ததை அவள் மறக்கவில்லை என்று ஒரு காரணத்தைச் சேர்க்கிறான். அந்த க்ஷணத்தில் கூன் வேறு பொருளாகிவிடுகிறது. அது குணத்துக்கு அடையாளமாக இருந்தது போய், அவமானம் வந்து விழுந்த இடமாகிறது. ராஜகுமாரனுக்கு விளையாட்டு, அவளுக்கு ஆயுள் முழுவதும் வலி. கம்பன் அவளை மன்னிக்கவில்லை. ஆனாலும், அவள் ஏன் அப்படி ஆனாள் என்று கேட்டுவிட்டான். தொல்காப்பியர் சொன்ன காரணம் இதுதான்.

கல்கி வேறு விதமாகச் செய்தார். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியானை நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். இந்த ஜில்லாவிலேயே உள்ள வீரநாராயண ஏரிப் பக்கம்தான் அது நடக்கிறது. குட்டையான கட்டை உருவம், முன்குடுமி, கையில் தடி, வாயில் ஓயாத வாதம். பார்த்த உடனே, 'சரி, இவர் ஹாஸ்ய பாத்திரம்' என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். பிறகுதான் அவர் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றர் என்று தெரிகிறது. நம்முடைய ஸாமுத்திரிகப் பழக்கத்தையே கல்கி தம் பாத்திரத்துக்கு வேஷமாகப் போட்டுவிட்டார். நந்தினி விஷயமும் அப்படித்தான். அழகைக் கண்டு நல்லவள் என்று ஏமாறுகிறவனும் தோற்கிறான். அழகிக்குள்ளே விஷம் என்று பழமொழி பேசித் தீர்த்துவிடுகிறவனும் தோற்கிறான். இருந்தாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். கல்கியிடம் வேஷம் கலைந்ததும் ரகசியம் தீர்ந்துவிடுகிறது. ஒரு முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம், அதோடு சரி.

ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வந்தது. அலங்காரத்தம்மாளின் கம்பீரத்தை அவர் எழுதுகிறார். பெற்ற பிள்ளை அப்புவே அந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்துத் திகைக்கிறான். அந்தக் கம்பீரம் குற்றத்தை மூடுகிற திரையா, குற்றத்துக்கும் அப்பாற்பட்ட ஒன்றா என்று ஆசிரியர் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. அங்கே முகம் ஒரு விடையாக இல்லை. கேள்வியாகவே கடைசிப் பக்கம்வரை நிற்கிறது. என் நூல் வியாபாரியை அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் வாய்க்கோணலைச் சொன்ன முதல் பாராவிலேயே அவன் கதையை நான் முடித்துவிட்டேன். அப்புறம் 200 பக்கங்கள் அவன் என்ன செய்தாலும், அந்த வாய்க்கோணலுக்குச் சாட்சி சொல்வதற்காகத்தான் செய்தான்.

குறிஞ்சிப்பாடி வட்டத்திலேயே இருக்கிற வடலூரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. உடம்பை வாசிப்பதில் நான் அறிந்த மிகச் சிறந்த தமிழ் உரைநடை அங்கே பிறந்தது. ராமலிங்க சுவாமிகளை நாம் பாட்டுக்காரராகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய வசன நூலைப் படிக்கிறவர்கள் குறைவு. அதில் பசி ஏறினால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று ஒரு பகுதி வருகிறது. கண்ணுக்கு என்ன ஆகிறது, காதுக்கு என்ன ஆகிறது, நாக்கு, மூக்கு, தோல், கை, கால் என்று ஓர் அங்கத்தையும் விடாமல் சொல்லிக்கொண்டு போகிறார். வைத்தியன் பார்க்கிற நுட்பம். ஆனால் வைத்தியனுக்கு இல்லாத பதற்றம். வாசித்துக்கொண்டே போகும்போது நம் நாக்கு உலர்ந்துவிடுகிறது. இலக்கிய சரித்திரக்காரர்கள் தமிழ் வசனத்தின் வளர்ச்சியைப் பேசும்போது இந்தப் பகுதியை ஏன் முன்னால் வைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

இதிலும் உடம்பைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதை அறிகிறார். ஆனால் இவன் எப்படிப்பட்டவன் என்று அறிய அல்ல. இவனுக்கு என்ன வேண்டும் என்று அறிய. பசித்தவன் நல்லவனா, சோம்பேறியா, எந்த ஜாதி என்பதெல்லாம் அந்த வாசிப்பில் வருவதே இல்லை. 1867இல் வடலூரில் தருமசாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். இன்றைக்கும் அங்கே வருகிறவனை ஒருவரும் எடைபோடுவதில்லை, இலை போடுகிறார்கள். அவரைப் புகைப்படம் எடுக்கப் பல தடவை முயன்றும் உருவம் விழவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். அது எப்படியோ போகட்டும். வெள்ளைத் துணியால் தலையை முக்காடிட்டு நிற்கும் சித்திரம்தான் நமக்கு இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்து எந்த வகை என்று சொல்லுகிறவன் சொல்லிப் பார்க்கட்டும்.

என் நாவலின் அடுத்த பதிப்பில் அந்தப் பாராவை எடுத்துவிட்டேன். எடுத்ததால் பழைய பிரதிகள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. மன்னிப்புக் கேட்கக் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். பெரியவர் தறியில் இருந்தார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் நாடாவை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் வாய் பழையபடி கோணியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன்.

"தோளைப் பாருங்கய்யா" என்றாள். "அப்பா நெசமா சிரிச்சா தோள் குலுங்கும்."

பார்த்தேன். தோள் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அது சிரிப்பா, நெசவா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.